பொண்ணு ஜெர்மனி போறாளாம், ஏஜெண்டுக்கு நாலு லட்சம் கட்டலாமான்னு கேட்ட அக்காவுக்கு

அக்கா, தண்டையார்பேட்டைலருந்து நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ கேட்டேன், பொண்ணு பிஎஸ்சி நர்சிங் முடிச்சு ரெண்டு வருஷமா ஐசியூல இருக்கா, ஏஜெண்ட் நாலு லட்சம் கேக்குறான், வளையல அடகு வெக்கவான்னு. மொதல்ல வளையல பீரோல வெச்சு பூட்டுங்க. லைசென்ஸ் வாங்குன ஏஜெண்ட் சர்வீஸ் சார்ஜுன்னு 30,000 ரூபாயும் அதுக்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கணும், லாங்குவேஜ் கிளாஸ் பீஸ் வேற கணக்கு. லைசென்ஸ் வாங்குன ஏஜெண்டுங்க பேரெல்லாம் இருக்கிற சென்ட்ரல் கவர்மெண்டோட இ-மைக்ரேட் வெப்சைட்ல அவன் பேரு இல்லன்னா பேச்சே வேணாம். கிண்டில நம்ம கவர்மெண்டோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978லருந்து இருக்கு, அங்கயும் ஒரு தடவ போய் விசாரிங்க.

ஜெர்மனில நர்ஸுன்னு முழுசா ஒத்துக்கணும்னா பொதுவா ஜெர்மன் பாஷைல பி2 லெவல், அதாவது ஆறு படில நாலாவது படி, கேப்பாங்க, அது வர்ற வரைக்கும் அசிஸ்டண்ட் வேலை, அந்த சம்பளம்தான். ஏஜெண்டு இத சொல்லிருக்க மாட்டான்.

ஆனா எனக்கு பயம் பாஷை மேல மட்டும் இல்லக்கா. இங்க பேஷண்ட்ட தொடைக்கிறது, சோறு ஊட்டுறதுலாம் கூட இருக்கிற சொந்தக்காரங்களும் ஆயாவும் பாத்துக்குவாங்க, அங்க அதுவும் நர்ஸு வேலைதான். என்கிட்ட வந்த காசிமேட்டு பொண்ணு ஒண்ணு போன மொத வாரமே போன் பண்ணி, நாலு வருஷம் படிச்சது இதுக்கா சார்னு அழுதுது. அப்புறம் ஒரு தாத்தாவ குளிப்பாட்டும்போது முதுகுல புண்ணு ஆரம்பிக்கிறத அதுதான் மொதல்ல பாத்துச்சாம், அன்னிக்கு வாய்ஸே வேற மாதிரி இருந்துது.

இன்னொரு கூத்து நம்ம தலையாட்டல். பிலிப்பைன்ஸ், துருக்கி, போஸ்னியான்னு ஒரு வார்டுல பத்து ஊரு ஆளு, சீனியர் ஏதோ மருந்து சொல்றாங்க, அந்த காசிமேட்டு பொண்ணு புரியாமலே தலைய ஆட்டிச்சு, அவங்களுக்கு அது ஆமாவா இல்லையான்னே தெரியல. இங்க டாக்டர் முன்னாடி வாயத் தொறக்காம நின்னா மரியாதை, அங்க புரியலன்னா திருப்பி கேக்கணும், கேக்காம இருந்தாதான் திட்டு.

உங்க பொண்ணு ஐசியூலயே மணிப்பூர், கேரளான்னு பசங்க இருப்பாங்களே, அவங்ககூட உக்காந்து சாப்பிடுவாளா, இல்ல நம்மூர் செட்டோடயே சுத்துறாளான்னு கேட்டுப் பாருங்க. என்ன கேட்டா ஜெர்மன் கிளாஸுக்கு முன்னாடி அதான் டெஸ்ட்டு.

ஞாயித்துக்கெழம அவளையும் கூட்டினு வாங்க, பாஸ்போர்ட், நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கினு. ஆமா, அவன் குடுத்த பேப்பர்ல இன்னும் கையெழுத்து போடலல்ல?