செல்லுக்குள் கோல்கை உறுப்பு என்னதான் செய்கிறது?

செல்லில் தயாரான புரதங்களைத் திருத்தி, பிரித்து, உரிய இடத்துக்கு அனுப்பும் தட்டையான பைகளின் அடுக்குதான் கோல்கை உறுப்பு. 1898-இல் இத்தாலிய மருத்துவர் கமிலோ கோல்கி நரம்புச் செல்களில் இதைக் கண்டார்.

இப்படி ஓர் இடம் எதற்கு? புதிதாக உருவான புரதம் பெரும்பாலும் அப்படியே வேலைக்கு உதவாது. எங்கே போக வேண்டும் என்ற அடையாளமும் அதற்குத் தேவை. செல்லுக்குள் இருக்கும் சவ்வுப் பின்னலான எண்டோபிளாச வலையிலிருந்து சின்னச் சின்னப் பைகளில் வந்து சேரும் புரதத்தில், கோல்கையின் நொதிகள் சில சர்க்கரைகளை வெட்டும், சிலவற்றை ஒட்டும். நம் இரத்த வகையே இங்கேதான் தீர்மானமாகிறது! ஒருவகைச் சர்க்கரையை ஒட்டினால் ஏ, இன்னொன்றை ஒட்டினால் பி, இரண்டும் இல்லையென்றால் ஓ. எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

அப்புறம் அனுப்பும் வேலை. தபால் பிரிக்கும் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பின்கோடு பார்த்துக் கட்டுகள் பிரிவதுபோல, செல்லின் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமுக்குப் போகவேண்டிய நொதிகளுக்கு மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற முத்திரை விழுகிறது. அந்த முத்திரை குத்தும் நொதி பிறவியிலேயே பழுதானால், லைசோசோம் நொதிகள் வழிதவறிச் செல்லுக்கு வெளியே போய்விடும். செல்லுக்குள் கழிவு சேரும். ஐ-செல் நோய் என்ற கொடிய குழந்தை நோய் இப்படித்தான் வருகிறது.

கோல்கைதான் புரதத்தைத் தயாரிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். தயாரிப்பது ரைபோசோம், அதிலும் ஹீமோகுளோபின் போன்ற பல புரதங்கள் கோல்கை பக்கமே வருவதில்லை.