சளி டானிக் சந்தேகங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

மதுரையில் மருந்துக்கடை கவுண்டரில் 22 வருடமாக நிற்கிறேன். மருத்துவர் இல்லை, மருந்தாளுநர். மழை ஆரம்பித்தால் போதும், "அக்கா, சளிக்கு ஒரு டானிக்" என்று வருபவர்கள்தான் பாதிப் பேர். எந்தச் சளிக்கு, யாருக்கு, வேறு என்ன மாத்திரை ஓடுகிறது என்று திருப்பிக் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. அந்தக் கேள்விகளை ஏன் கேட்கிறேன் என்பது கீழே உள்ள பதில்களில் தெரியும்.

கேள்வி: ஒரே பெயரில் இரண்டு பாட்டில் இருக்கிறது அக்கா. ஒன்றில் டிஎக்ஸ் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் எக்ஸ்பெக்டரன்ட் என்று. எதை வாங்குவது?

பெயர் ஒன்று, வேலை நேர் எதிர். டிஎக்ஸ், டிஎம் என்று வருவதில் பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருக்கும், அது மூளையில் இருக்கும் இருமல் உணர்வை அடக்கிவிடும். சளியே இல்லாமல் தொண்டை அரித்துக்கொண்டு தூங்கவிடாத வறட்டு இருமலுக்கு அது. (மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம், சில மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து.) நெஞ்சில் கோழை கட்டி கரகரவென்று இருப்பவருக்கு எக்ஸ்பெக்டரன்ட். அதில் உள்ள குவைஃபெனிசின் கோழையை நீர்க்க வைக்கும், அம்ப்ராக்சாலும் ப்ரோம்ஹெக்சினும் அதன் பிசுபிசுப்பைக் குறைக்கும். கோழை நிறைய இருக்கும்போது இருமலை அடக்கினால் அது உள்ளேயே தங்கும். கொடுமை என்னவென்றால் இரண்டையும் ஒரே பாட்டிலில் கலந்தும் விற்கிறார்கள். வெளியே தள்ளு என்று ஒன்று, தள்ளாதே என்று இன்னொன்று, நான் அதை எடுத்துக் கொடுப்பதில்லை.

கேள்வி: எக்ஸ்பெக்டரன்ட் குடித்த பிறகு இருமல் கூடிவிட்டது. நிறுத்திவிடலாமா?

கூடுவதோடு சளியும் வருகிறதா? வந்தால் மருந்து தன் வேலையைச் செய்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர் அடிக்கடி குடியுங்கள், மருந்தைப் படுக்கப் போகும் நேரத்தில் குடிக்காமல் கடைசி வேளையைச் சாயங்காலமே முடித்துவிடுங்கள். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: இந்த மருந்துகள் சாதாரணச் சளியை இரண்டு நாளில் விரட்டும் என்பதற்குப் பலமான ஆதாரம் கிடையாது. கொஞ்சம் சுலபமாக்கும், அவ்வளவுதான். வைரஸ் சளிக்குப் பின் வரும் இருமல் இரண்டு, மூன்று வாரம் கூட இழுக்கும்.

கேள்வி: குடித்த அரை மணியில் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. எனக்குப் பிரஷர் வேறு இருக்கிறது.

முதலில் அதைக் குடிப்பதை நிறுத்துங்கள், அப்புறம் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். டெர்பியூட்டலின் அல்லது சால்பியூட்டமால் என்று இருக்கும் என்று நினைக்கிறேன். இவை மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகள், வீசிங் இருப்பவருக்கு உதவும், வெறும் சளிக்குத் தேவையே இல்லை. லேபிளில் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டில்தான் தர வேண்டும், ஆனால் பல கடைகளில் கேட்டதும் எடுத்து நீட்டிவிடுகிறார்கள், எங்கள் தொழிலின் வெட்கம் அது. மூக்கடைப்புக்குச் சேர்க்கும் ஃபினைலெஃப்ரின் இருப்பதும் பிரஷர்காரர்களுக்கு ஆகாது. இதயக் கோளாறு, தைராய்டு அதிகம் உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் கடைக்கு வராதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: ஒரு மூடி என்கிறார்கள், இரண்டு ஸ்பூன் என்கிறார்கள். சரியான அளவு என்ன?

ஸ்பூனை மறந்துவிடுங்கள். ஒருமுறை எங்கள் வீட்டு ஸ்பூன்களில் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன், ஒன்றில் 3 மில்லி, இன்னொன்றில் 8. பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடியில்தான் ஊற்ற வேண்டும். பெரியவர்களுக்குக் குவைஃபெனிசின் மட்டும் என்றால் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 200 முதல் 400 மில்லிகிராம், நாளுக்கு 2400 தாண்டக் கூடாது. ஆனால் நம் ஊர்க் கலவை சிரப் பலவற்றில் 5 மில்லிக்கு 50 மில்லிகிராம்தான் இருக்கும். "குறைவாக இருக்கிறதே" என்று இரண்டு மடங்கு ஊற்றினால் கூடவே இருக்கும் டெர்பியூட்டலினும் இரண்டு மடங்கு உள்ளே போகும், மேலே ஒருவர் சொன்ன படபடப்பு வந்து நிற்கும். அதனால் லேபிளில் உள்ள அளவுதான் அளவு. காய்ச்சலுக்கு மாத்திரை போடுகிறவர்கள் சிரப்பிலும் பாராசிட்டமால் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் சேர்ந்தால் கல்லீரலுக்குச் சுமை.

கேள்வி: பையனுக்கு மூன்று வயது, ஒரு வாரமாகச் சளி. போன வருடம் அண்ணனுக்கு வாங்கிய டானிக் பாதி இருக்கிறது, கொடுக்கலாமா அக்கா?

கொடுக்காதீங்கம்மா. திறந்து வருடக்கணக்கான பாட்டிலைக் கொட்டிவிடுங்கள், புதிதும் வேண்டாம்.

2025 செப்டம்பர், அக்டோபரில் நடந்தது நினைவிருக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பரிசோதித்ததில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷ ரசாயனம் 48.6 சதவீதம், இருக்கலாம் என்று விடும் அளவு 0.1 சதவீதம். இந்த விஷத்தை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது, அதுவும் இனிக்கும். அப்போது மத்திய சுகாதாரத் துறை சொன்னது: இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்தே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழேயும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. கலப்படம் இல்லாத நல்ல சிரப்பாக இருந்தாலும் இதே விதிதான், அந்த வயதில் பலன் குறைவு, பக்கவிளைவு அதிகம்.

பையனுக்கு மூன்று வயது என்பதால் படுக்கும் முன் அரை டீஸ்பூன் தேன் கொடுக்கலாம் (ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது). மூக்கு அடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு. கொதிக்கும் பாத்திரத்துக்கு முன்னால் உட்கார வைத்து ஆவி பிடிக்க வேண்டாம், சுட்டுக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தை இருந்தால், எண்ணெயில் கற்பூரம் கரைத்து நெஞ்சில் தேய்க்கும் பாட்டி வைத்தியமும் வேண்டாம், இரண்டு வயது வரை கற்பூரம் ஆபத்து. வேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே குழிந்தாலோ, சாப்பிட மறுத்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இரண்டு மாதமாக வறட்டு இருமல். நான்கு பாட்டில் முடிந்தது. என்ன டானிக் மாற்றலாம் சார்?

சார் இல்லை, அக்கா! அப்பா பிரஷருக்கு என்ன மாத்திரை போடுகிறார்? ராமிப்ரில், எனாலாப்ரில் மாதிரி "ப்ரில்" என்று முடிந்தால் அதுவே இருமலைக் கொண்டுவரலாம். தானாக நிறுத்திவிட வேண்டாம், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் வேறு மாற்றித் தருவார். இரண்டு வாரம் தாண்டிய எந்த இருமலுக்கும் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும், அரசு மருத்துவமனையில் இலவசம். எடை குறைகிறது, சாயங்காலக் காய்ச்சல், சளியில் ரத்தம் என்றால் நாளைக்கே. ஐந்தாவது பாட்டில் நான் தரமாட்டேன்.

கேள்வி: இங்கிலீஷ் மருந்து வேண்டாம், ஆடாதோடை போதும் என்கிறார் பாட்டி.

பாட்டி விவரமானவர். ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை மாதிரியாக வைத்து உருவாக்கியதுதான் ப்ரோம்ஹெக்சின், அது உடம்பில் மாறிக் கிடைப்பதுதான் அம்ப்ராக்சால். ஆனால் இலை என்பதால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. கர்ப்பிணிகள் ஆடாதோடை எடுக்கக் கூடாது, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கக்கூடியது.

கேள்வி: சுகர் இருக்கிறது. சுகர் ஃப்ரீ சிரப் கேட்டு வாங்கலாமா?

வாங்கலாம். அதில் சார்பிட்டால் இருந்தால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும்.

கேள்வி: சளி பச்சையாக வருகிறது, வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் போடட்டுமா?

வேண்டாம். நிறத்தை மட்டும் வைத்துப் பாக்டீரியா என்று சொல்ல முடியாது, அதிலும் மிச்ச மாத்திரை யாருக்கும் முழு வைத்தியம் ஆகாது.

கேள்வி: லாரி ஓட்டுகிறேன் அக்கா, ராத்திரி டூட்டி. எதைக் குடித்தால் தூக்கம் வராது?

குளோர்பெனிரமினோ டைஃபென்ஹைட்ரமினோ இருக்கும் பாட்டிலை எடுக்காதீங்க தம்பி, இரண்டும் கண்ணைச் சொக்கவைக்கும். குவைஃபெனிசின் அல்லது அம்ப்ராக்சால் மட்டும் உள்ளதைக் கேளுங்கள், வயிற்றுப்புண் இருந்தால் அம்ப்ராக்சால் வேண்டாம். எதுவானாலும் முதல் வேளையை ஸ்டியரிங் பிடிக்காத நாளில் குடித்துப் பாருங்கள். கடையில் "எல்லாம் ஒன்றுதான்ணே" என்று கலவையை நீட்டினால் வேறு கடைக்கு நடங்கள்.