தராசின்மேல் விழ வேண்டிய வெளிச்சம்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். முக்கூடல் பக்கத்தில் ஒரு பீடிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். என் அம்மா பீடி சுற்றித்தான் என்னை பி.காம். படிக்க வைத்தார்கள். கடையில் இலையைக் குறைத்து நிறுப்பதும், நல்ல பீடியையும் கழிவு என்று ஒதுக்குவதும் வழக்கமாக நடக்கிறது. முழு எடை கொடுத்ததாக நோட்டில் எழுதுவது நான்தான். முதலாளி எங்கள் சபைக் கமிட்டியில் இருப்பவர். அசனத்துக்கு, அதாவது சபையின் பொது விருந்துக்கு, அரிசி மூட்டை கொடுப்பவர். சமீபத்தில் நடந்த கன்வென்ஷனில், “இருண்ட உலகத்தில் வெளிச்சமாய்ப் பிரகாசியுங்கள்” என்று செய்தி கொடுத்தார்கள். அழுது ஒப்புக்கொடுத்தேன். மறுநாளே கைப்பிரதிகளைக் கடைக்கு எடுத்துப்போய்ப் பெண்களிடம் கொடுத்தேன். வயதான ஓர் அம்மா அதைத் திருப்பித் தந்து, “முதலாளியும் உங்கள் வேதக்காரர்தானே” என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போய்விடலாமா? கணவர் திருப்பூரில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள், கடனும் இருக்கிறது. நான் எப்படித்தான் வெளிச்சமாயிருப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்: அன்புத் தங்கைக்கு,

அந்த அம்மா கைப்பிரதியைத் திருப்பித் தந்ததை அவமானமாக நினைத்து எழுதியிருக்கிறாய். எனக்கோ அவர்மேல் மரியாதை வருகிறது. அவர் உன்னை ஏசவில்லை, காகிதத்தைக் கிழித்துப் போடவில்லை. உங்கள் தேவன் உண்மையானவர் என்றால் இந்தக் கடையில் அது எங்கே தெரிகிறது என்று கேட்டிருக்கிறார். அன்றைய கன்வென்ஷன் மேடையில் சொல்லாமல் விட்டதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இதை வாசிக்கிறவர்களில் பீடி சுற்றுவதைப் பார்த்திராதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை, இவ்வளவு புகையிலைத் தூள் என்று கடையில் நிறுத்துக் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து இலையை நனைத்து வைத்து, பதமானதும் தகட்டை வைத்துக் கத்தரியால் அளவாக வெட்ட வேண்டும். பிறகு திண்ணையில் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தால் குனிந்த தலை நிமிராது. ஒரு சிட்டிகைத் தூளை இலையில் பரப்பி, உருட்டி, நூல் சுற்றி, நுனியை மடக்க வேண்டும். பேசிக்கொண்டிருந்தாலும், பிள்ளையை அதட்டினாலும் விரல்கள் நிற்பதில்லை. இலை குறைந்தால் ஆயிரம் தேறாது. தேறவில்லை என்று கடையில் சொல்ல முடியாது. நோட்டில்தான் முழு எடை எழுதியிருக்கிறதே. அந்தப் பெண் தன் காசில் இலை வாங்கி நிரப்ப வேண்டும். கடைக்குப் போனால் பீடிக் கட்டைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்துச் சிலவற்றைக் கழிவு என்று ஒதுக்கி எறிவார்கள். கழிவுக்குக் கூலி கிடையாது, அது அவள் கைக்குத் திரும்பி வருவதும் கிடையாது. ஆக இரண்டு முனையிலும் அவள் கூலி கரைகிறது. உன் அம்மாவின் கூலியும் இப்படித்தான் கரைந்திருக்கும். அதில் மிஞ்சியதைக் கொண்டுதான் உன்னைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்.

பீடி, புகையிலைத் தொழிலில் கிறிஸ்தவள் இருக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் திருநெல்வேலிச் சீமையில் எத்தனையோ தாய்மாரின் அடுப்பு இந்தத் தொழிலால்தான் எரிகிறது. அவர்களுக்கு வேறு வழி காட்டாமல் அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

இருண்ட உலகம் என்று பிரசங்கத்தில் கேட்டதும் நம் கண் சபைக்கு வெளியேதான் போகிறது. சாராயக் கடை, சினிமாக் கொட்டகை, அந்நிய வழிபாடு என்று ஒரு பட்டியல் நம்மிடம் தயாராக இருக்கிறது. எபேசு சபையாருக்கு எழுதிய பவுல், “முற்காலத்தில் நீங்கள் அந்தகாரமாயிருந்தீர்கள்” என்றார். உங்களைச் சுற்றி அந்தகாரம் இருந்தது என்று அவர் எழுதவில்லை. நாமேதான் இருளாய் இருந்தோம். திரும்பவும் இருளாகிவிடவும் நமக்கு முடியும்; அசனத்துக்கு அரிசி கொடுத்துக்கொண்டே முடியும். யாக்கோபு தன் நிருபத்தில், பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். அந்த மூட்டை அரிசியில் எவ்வளவு அந்தக் கூலி என்பது கணக்கு எழுதுகிற உனக்குத் தெரியும். ஆண்டவருக்கும் தெரியும்.

மலைப்பிரசங்கத்தில் விளக்கு எதனால் மூடப்படுகிறது என்று கவனித்தாயா? மரக்காலால். நெல் அளக்கிற பாத்திரத்தால். உங்கள் கடையிலும் விளக்கை மூடியிருப்பது அளவுதான். அதை எடுக்காமல் நூறு கைப்பிரதி கொடுத்தாலும், அந்தப் பெண்களுக்கு அது விளக்கு இருப்பதாகச் சொல்லும் செய்தியாகத்தான் இருக்கும், வெளிச்சம் போய்ச் சேராது. “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்” என்ற நீதிமொழியைச் சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பாய். தேவன் பிரியப்படுகிற காரியங்களில் ஒரு எடைக்கல்லும் இருக்கிறது என்பதை நான் நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அவர் நம் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிற தேவன் அல்லர்.

வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறாய். அவசரப்படாதே. வரி வசூலிக்கிற ஆயக்காரர் யோவான் ஸ்நானகனிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, ஆயத்துறையை விட்டு எழுந்துவாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. “உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்” என்றார். நீ எழுந்து போய்விட்டால் உன் நாற்காலியில் இன்னொரு பெண் உட்காருவாள், அதே பொய்யை எழுதுவாள். அந்த அம்மாவுக்கு இலை ஒரு கிராம்கூட அதிகமாகாது. உன் ஊழியம் இப்போதைக்கு அந்த மேசையில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஆனால் பொய் எழுதுவதை நிறுத்த வேண்டும். இதை மட்டும் நான் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன். தராசு காட்டிய எடையையே எழுது. முதல் நாள் முதலாளி கவனிக்காமல் இருக்கலாம். சீக்கிரமே கூப்பிட்டுக் கேட்பார். அதற்கு முன்பே நீயே போய்ப் பேசிவிடு. மத்தேயு 18-ம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன ஒழுங்கு இது: குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் பேச வேண்டும். சபையில் எழுந்து நின்று சொல்லாதே. மாதர் சங்கத்தில் ஜெபக் குறிப்பு என்ற பெயரில் பரப்பிவிடாதே. நம் சபைகளில் பல குடும்பங்களின் மானம் ஜெபக் குறிப்பு வழியாகத்தான் கப்பலேறுகிறது. நீ சின்னப் பெண், அவர் முதலாளி. ஆகவே கடையில் தனியாகப் பேச வேண்டாம். உன் மாமியாரையோ அம்மாவையோ துணைக்கு அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போ. அவர் மனைவியும் கூட இருந்தால் நல்லது. உன் அம்மாவே வந்தால் இன்னும் நல்லது என்பேன். எத்தனையோ ஆண்டுகள் பீடி சுற்றிய விரல்கள் அந்த அறையில் இருக்கட்டும்.

என்ன பேசுவது? குற்றச்சாட்டாகத் தொடங்காதே. “ஐயா, இனி நான் பொய்க் கணக்கு எழுத முடியாது. இதுவரை எழுதியதற்காக ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்” என்று உன் பக்கத்திலிருந்து ஆரம்பி. அவருக்கு அதுவே போதுமான கண்டனமாக இருக்கும். பிறகு இரண்டே இரண்டு காரியம் கேள். தராசில் எடை காட்டுகிற முகப்பைப் பெண்கள் பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும். கழிவு என்று ஒதுக்கியதைச் சுற்றியவளிடமே கொடுத்துவிட வேண்டும், அல்லது அவள் கண்ணெதிரே உடைத்துப் போட வேண்டும். இரண்டுக்கும் செலவு ஒன்றும் இல்லை. மறுக்கிறவர் எதை இழக்கப் பயப்படுகிறார் என்பது அங்கேயே வெளியே வந்துவிடும். அவரை மனிதராகவே நினைத்துப் பேசு. ஆயக்காரனான சகேயு தன் வீட்டில் நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னதும், இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் இயேசு. உன் முதலாளியின் வீட்டுக்கும் அது வரலாம். அவருக்காக ஜெபித்துவிட்டுப் போ. வாதாடி ஜெயிப்பதற்காகப் போகாதே.

வேலை போகலாம். அதை மறைத்து உனக்குத் தைரியம் சொல்ல நான் விரும்பவில்லை. அதனால் போவதற்கு முன் கணவரிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிடு. இது உன் தனி முடிவாக இருக்கக் கூடாது. கடன் தவணைக்கு என்ன வழி என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். பி.காம். படித்த பெண்ணுக்கு வேறு இடத்தில் கணக்கு வேலை கிடைக்கும் வரை கையில் கொஞ்சம் அரிசியும் பணமும் வேண்டும். உங்கள் சேகரத்தின், அதாவது வட்டாரச் சபைகளின், குருவானவர் உங்கள் குடும்பத்தை அறிந்தவராக இருந்தால், நிலைமையை அவர் காதிலும் போட்டுவை.

விசுவாசத்துக்காக வாழ்வாதாரம் போனால் சபை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களை ஊரில் இருக்கவிடாமல் விரட்டிய காலத்தில், அவர்கள் குடியேற 1799-ல் முதலூர் என்ற கிராமம் உருவானது. பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த ரேனியஸ் ஐயர், அப்படி ஒதுங்க இடமில்லாமல் போனவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதற்காகவே 1830-ல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். பிரசங்கத்தைக் கேட்டு வந்தவர்களுக்கு அடுத்து வேண்டியிருந்தது குடியிருக்க ஒரு துண்டு நிலம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று நம் சேகரங்களில் கட்டடத்துக்கும் பண்டிகைக்கும் பணம் சேர்கிறது. நேர்மைக்காக வேலை இழந்த ஒரு பெண்ணின் மூன்று மாத மளிகைக்கு ஏன் சேரக் கூடாது? இதை வாசிக்கிற கமிட்டிக்காரர்கள் தயவுசெய்து இதைப் பற்றிப் பேசுங்கள். உண்மையாகவே கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ எழுதாமல் விட்ட ஒரு பயமும் வரிகளுக்கு நடுவே தெரிகிறது: இப்படிச் செய்தால் நல்லவள் என்று பேர் வாங்கச் செய்ததாக ஆகிவிடுமோ என்று. உங்கள் நற்கிரியைகளை மனுஷர் காணட்டும் என்று சொன்ன ஆண்டவரே அடுத்த அதிகாரத்தில், வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்கிறார். இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்தும் என்று பார்க்கத் தோனாவூருக்குப் போய் வரலாம். 1901-ல் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமிக்கு அடைக்கலம் கொடுத்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், அதிலிருந்து ஐம்பது ஆண்டுகள் பிள்ளைகளை வளர்த்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்ற பழியையும் சுமந்தார். 1951-ல் இறந்தபோது, தன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அவர் செய்ததை ஊரே பார்த்தது. தன் பெயரை நிலைநிறுத்திக்கொள்ள அவர் எதுவும் செய்யவில்லை. நீயும் சரியான எடையை எழுது, பெண்கள் பார்க்கட்டும். யாரால் மாறியது என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்காதே.

ஜெபம் வராததைப் பற்றி: கொஞ்சம் காத்திரு. உன்னை ஆண்டவர் தள்ளிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதே. “அவர் ஒளியிலிருக்கிறதுபோல நாமும் ஒளியிலே நடந்தால் ஒருவரோடொருவர் ஐக்கியப்பட்டிருப்போம்” என்று அப்போஸ்தலனாகிய யோவான் எழுதுகிறார். அந்த அம்மாவோடு உனக்கு ஐக்கியம் இல்லாதவரை உன் முழங்கால் உன்னைக் குத்திக்கொண்டே இருக்கும், அது நல்லதுதான். வார்த்தை வராத நாட்களில் ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு எழுந்திரு. கைப்பிரதிகளைத் தூக்கிப் போடாதே, பத்திரமாக வைத்திரு. அந்த அம்மாவே ஒருநாள் கேட்டால் கொடு. கேட்காவிட்டால் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கால்வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வா.

முதலாளி கேட்காமல் போனால் ஆண்டவர் சொன்னபடி அடுத்த படி, இன்னும் ஒருவர் இருவரோடு போவது. குருவானவரை அழைத்துக்கொண்டு போ. அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளர் இருக்கிறார். வியாபாரத் தராசுகளைச் சோதிப்பது அவர் வேலை. பீடித் தொழிலாளர் சங்கத்தாரிடமும் பெண்கள் போகலாம். சகோதரன்மேல் புகாரா என்று யாராவது உன்னைத் தடுத்தால், இலை நிறுத்து வாங்குகிற அந்த அம்மாவும் உனக்குச் சகோதரிதான் என்று சொல். மனு எழுத உதவி வேண்டுமானால் பத்திரிகை முகவரிக்கு எழுது. நான் எழுதித் தருகிறேன். முதலாளி வீட்டுக்கு எந்த நாளில் போகப் போகிறாய் என்பதையும் முன்கூட்டியே தெரிவி. அன்று நானும் என் வீட்டில் உபவாசமிருப்பேன்.

– உன் அக்கா