பெற்ற தாயைத் தேடுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

தத்தெடுப்பு வேலையில் இருந்து ஓய்வுபெற்ற சமூக சேவகி ஒருவர், தென்னாப்பிரிக்காவின் டர்பன், ஜோகன்னஸ்பர்க் பக்கத்துத் தமிழர்கள் கேட்டவற்றுக்குச் சொன்ன பதில்கள். ஒவ்வொரு கேள்வியின் முன்னும் இருப்பது கேட்டவரின் ஊர்.

சட்ஸ்வர்த்: அக்கா, என்னைக் கோர்ட் மூலம் தத்தெடுத்தார்கள். பெற்ற அம்மாவைத் தேட எங்கே போவது?

பிரிட்டோரியாவில் உள்ள தத்தெடுப்புப் பதிவாளருக்கு எழுதுங்கள். 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், 248ஆம் பிரிவின்படி, 18 வயதான தத்துப்பிள்ளை பதிவேட்டு விவரம் கேட்கலாம். வளர்த்தவர்கள் சம்மதம் தேவையில்லை. முதலில் ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால் போய்ப் பாருங்கள். பெயர் கிடைத்ததும் வாசலில் போய் நிற்காதீர்கள். புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமல் அந்த ரகசியத்தைச் சுமந்தவராக இருக்கலாம். சமூக சேவகர் முதலில் பேசட்டும். பேஸ்புக்கில் அவர் பெயரைப் போடவே வேண்டாம்.

பீனிக்ஸ்: பெரியம்மாவே என்னை வாங்கி வளர்த்தார். கோர்ட் எதுவும் இல்லை.

அப்படியானால் பதிவேட்டில் இருக்காது. வயதான அத்தை, சித்தியிடம் தனியாகக் கேளுங்கள், தள்ளிப்போடாமல். நிறவெறி ஆட்சியில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம் என்றால், அங்கே பக்கத்து வீட்டில் இருந்தவர்களையும் விசாரியுங்கள்.

டோங்காட்: டிஎன்ஏ சோதனையில் ஒருவர் நெருங்கிய உறவு என்று வந்திருக்கிறது. நம்பலாமா?

தாயும் பிள்ளையும் டிஎன்ஏவில் பாதியைப் பகிர்வார்கள். அதில் குழப்பம் வராது. உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் தங்களுக்குள் ஏறக்குறைய 12.5 சதவீதம். அதற்குக் கீழேதான் சிக்கல். நம்மில் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டியிருக்கிறார்கள். ஒருவரோடு இரண்டு மூன்று வழியில் உறவு வரும். எல்லாம் கூடி, தூரத்துச் சொந்தம் கிட்டத்துச் சொந்தமாகத் தெரியும். தாய்வழி, தந்தைவழி என்று பிரிப்பதும் கடினம். அந்த ஒருவரை வைத்து அம்மா யாரென்று முடிவு கட்டாதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: அம்மா குடும்பப்பெயர் கோவெண்டர். பேஸ்புக்கில் போடட்டுமா?

மேலே சொல்லிவிட்டேன். கூடாது.

வெருலம்: 1860 கப்பல் பட்டியலில் பார்க்கலாமா?

அது இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த முன்னோர்களைத் தேடத்தான், பெற்ற அம்மாவைத் தேட அல்ல. முன்னோர்களைத் தேடினால் டர்பன் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.

லெனேசியா: வளர்த்தவர்கள் இருக்கும்போது தேடுவது நன்றிகெட்டதனம் இல்லையா?

இல்லை. டாக்டர் பரம்பரை நோய் பற்றிக் கேட்கும்போது அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? வளர்த்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது மரியாதை. அனுமதி கேட்க வேண்டியதில்லை.

லெனேசியா: அப்போ பெற்றவளுக்கும் தேடும் உரிமை உண்டா, அம்மா?

சட்டத்தில் பாதி உரிமைதான். பிள்ளைக்கு 18 ஆன பிறகும், பிள்ளையும் வளர்த்தவர்களும் எழுத்தில் சம்மதித்தால்தான் அவருக்கு விவரம் கிடைக்கும். பிள்ளையின் சம்மதம் கட்டாயம் வேண்டும். ஆனால் நாற்பது வயதுக்காரருக்காக வளர்த்தவர்களும் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்? அந்த வரியை நீக்க வேண்டும் என்பேன். இப்போதைக்கு, தேடும் தாய்மார்கள் ஒரு கடிதம் எழுதி, தத்துக் கொடுத்த அலுவலகத்தில் சேர்த்து வையுங்கள். போன் நம்பர் மாறினால் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.