மெக்சிகோ கரையில் தூண்டில்: கேட்டதும் சொன்னதும்

நாங்கள் 4 பேர். மதுரையில் ஒரே விடுதி அறையில் கிடந்தவர்கள். இப்போது ஆளுக்கொரு ஊர். வருடத்தில் 10 நாள், பெரும்பாலும் ஜூனில், சான் டியேகோவில் என் வீட்டு வாசலில் ஒரே வண்டியில் ஏறி, பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தின் தென்கோடிக்குப் போவோம். படகெல்லாம் கிடையாது. கரையில் நின்று அலைக்குள் தூண்டில் வீசுவதோடு சரி. 11 வருடமாக இதுதான். வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மெக்சிகோவுக்குத்தான் எவ்வளவோ கரை இருக்கிறதே, ஏன் பாஹா? எந்த மாதம் போகலாம்? (டாலஸிலிருந்து)

ஒரே நிலத்துண்டுக்கு இரண்டு கடல். மேற்கே பசிபிக், குளிர்ந்த தண்ணீர், முரட்டு அலை. கிழக்கே கோர்தேஸ் கடல், பல நாள் குளம் மாதிரி கிடக்கும். எங்களுக்குப் பிடித்தது லா பாஸுக்குத் தெற்கே லாஸ் பரீலெஸ், லா ரிபேரா பக்கம். மே முதல் ஜூலை வரை பெரிய மீன் கரையை ஒட்டி வரும். குளிர்காலத்தில் அங்கே வாடைக்காற்று பிய்த்து எடுக்கும், காற்றுச் சறுக்கு விளையாடுபவர்களுக்குத்தான் அது சீசன். ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை புயல் பயம். 2014 செப்டம்பரில் ஒடீல் புயல் தென்முனை ஊரான காபோ சான் லூகாஸை, சுருக்கமாகக் காபோவை, நேராக அடித்து உலுக்கியது. டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்த மாதங்களில் கிளம்பாதீர்கள்.

லா ரிபேராவுக்குக் கீழே காபோ புல்மோ என்று ஒரு கடல் பூங்கா, 1995 முதல் பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே முகமூடி மாட்டிக்கொண்டு நீந்திப் பாருங்கள். தூண்டிலை வண்டியை விட்டு இறக்க வேண்டாம்.

அண்ணே, எச்1பி-ல இருக்கேன். விசா வேணுமா?

பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகாமல் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை, தம்பி. கிரீன் கார்டு இருந்தாலும் அப்படியே. முத்திரை முடிந்துபோய் நீட்டிப்புக் காகிதம் மட்டும் கையில் இருக்கிறது என்றால் அந்தக் காகிதத்தை நம்பி எல்லைக்குப் போகாதீர்கள், முதலில் மெக்சிகோ தூதரகம். எல்லையில் நிற்காமல் சல்லென்று உள்ளே போய்விட முடியும், அதுதான் ஆபத்து. நீங்களாக இறங்கி நுழைவுச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் பிடிக்க லைசென்ஸ்?

கரையில் நின்று பிடிக்க வேண்டாம். படகில் ஏறினால் ஆளுக்கொன்று வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளில் 10 மீன், அதிலும் ஒரே வகையில் 5-க்கு மேல் கூடாது. ரூஸ்டர், டொராடோ போன்ற சில மீன்களுக்கு 2 தான். மட்டி, சிப்பி, சிங்கி இறால் எதையும் நம் போன்ற வெளிநாட்டினர் எடுக்கக் கூடாது, அது அந்த ஊர்ச் சங்கங்களின் பிழைப்பு. பசிபிக் பக்கத்துச் சான் கின்டீன் கரையில் வற்றம் (கடல் நீர் இறங்கும் நேரம்) பார்த்துக் காலால் துழாவினால் உள்ளங்கை அகல மட்டி தட்டுப்படும். தட்டுப்பட்டால் அப்படியே விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

காரிலேயே போவது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

கொஞ்சம். எல்லை ஊரான திஹுவானாவிலிருந்து காபோ வரை முதலாம் எண் நெடுஞ்சாலை சுமார் 1,700 கி.மீ. அது முழுதாகப் போட்டு முடிந்ததே 1973-ல்தான். மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். எல் ரோசாரியோவில் டாங்கை நிரப்பிவிடுங்கள், அதற்கப்புறம் 300 கி.மீ.க்கு ஒழுங்கான பங்க் கிடையாது. நடுவில் கத்தவீன்யாவில் பீப்பாயிலிருந்து பெட்ரோல் ஊற்றித் தருவார்கள், விலை அவர்கள் சொல்வது. அமெரிக்க இன்ஷூரன்ஸ் அங்கே செல்லாது, மெக்சிகோ இன்ஷூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும். ராணுவச் சோதனைச் சாவடிகளில் கண்ணாடியை இறக்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, ஒரு வணக்கம். பொட்டியைத் திறக்கச் சொன்னால் திறங்கள். துப்பாக்கித் தோட்டா ஒன்றுகூட வண்டியில் கிடக்கக் கூடாது. போன வருடம் வேட்டைக்குப் போன நண்பனின் பையை இரவல் வாங்கியிருந்தால் உதறிப் பாருங்கள்.

இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். திருட்டுப் பயத்தைவிட மாட்டுப் பயம் பெரிது. தார் ரோட்டில் சூடு இருக்கும், ராத்திரி மாடுகள் அதில் வந்து நிற்கும். கறுப்பு மாடு, விளக்கில்லாத ரோடு. வண்டி படுத்துவிட்டால் 078, பச்சை வண்டியில் வரும் அரசு உதவிக்காரர்கள்.

எங்கள் வண்டி ஒருமுறை காட்டாற்று மணலில் அச்சு வரை இறங்கியது. டயரில் 35 இருந்த காற்றை 18-க்கு இறக்கியிருந்தால் நகர்ந்திருக்கும். அது தெரிந்தவன் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

எவ்வளவு தூரம் வீச வேண்டும்? நான் 70 மீட்டர் வீசுவேன், போதுமா? (நியூ ஜெர்சி)

இந்தக் கேள்விக்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

முதல் வருடம் நானும் இப்படித்தான். தொடை அளவுத் தண்ணீரில் இறங்கி நின்று, தோள் கழன்றுவிடும் அளவுக்கு வீசினேன். மூன்று நாளில் ஒரு கடிகூட இல்லை. மூன்றாம் நாள் சாயந்திரம் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். கம்பு கிடையாது, ரீல் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தங்கூசி நைலான் நூலைச் சுற்றி வைத்திருந்தார். எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி, காய்ந்த மணலில் நின்று, ஈயத்தைச் சுழற்றி விட்டார். பத்து மீட்டர்கூடப் போயிருக்காது. இரண்டாவது வீச்சில் ஒரு பார்கோ, நம் சங்கராவின் பங்காளி, சிவந்த உடம்போடு மணலில் துடித்தது. என்னைப் பார்த்துக் கையைக் காட்டி ஏதோ சொன்னார். எங்களில் ஸ்பானிஷ் தெரிந்தவன் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான்: மீன் நிற்க வேண்டிய இடத்தில் நீ நிற்கிறாயாம்.

விஷயம் இதுதான். அலை முதலில் தூரத்தில் மணல் திட்டின் மேல் உடையும். அப்புறம் கொஞ்சம் அடங்கும். மறுபடி கரையில் வந்து உடையும். நடுவில் அடங்குகிற அந்தப் பட்டை கொஞ்சம் கறுத்துத் தெரியும், அங்கே பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். கரையில் உடைகிற அலை மணல் நண்டையும் குஞ்சு மீனையும் புரட்டிப் புரட்டி அந்தப் பள்ளத்தில் போடும். மீன் அங்கேதான் மேயும். நீங்கள் 70 மீட்டர் வீசினால் மீனின் தலைக்கு மேலே வீசுகிறீர்கள். வற்றத்தின்போது தூண்டில் இல்லாமல் கரையோரம் ஒரு நடை போய் வாருங்கள். பள்ளம் எங்கே, திட்டு எங்கே அறுந்திருக்கிறது என்று பார்த்து, நேரே கரையில் ஒரு கல்லை வையுங்கள். ஏற்றம் தொடங்கும்போது அந்தக் கல்லுக்குப் பின்னால் நின்று வீசுங்கள்.

ரூஸ்டர் விஷயத்தில் இன்னும் கிட்டே. முதுகில் சீப்பு மாதிரி ஏழு நீண்ட முள், அதனால்தான் அந்த ஊரில் அதற்குச் சேவல் மீன் என்று பெயர். மடவைக் கூட்டத்தைக் கரைக்கே துரத்திக்கொண்டு வரும். 2019-ல் ஒரு விடிகாலை, நான் தூண்டில் முள் கட்டிக்கொண்டிருந்தேன். காலடியில் மடவைகள் பொலபொலவென்று ஈர மணலில் வந்து விழுந்தன. பின்னாலேயே அந்தச் சீப்பு, முழங்கால் ஆழத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, இடது பக்கம் திரும்பியது. ஒரு கணம் அதன் கண் தெரிந்தது. கையில் இருந்த தூண்டில் முள்ளில் இன்னும் முடிச்சு விழவில்லை.

என்ன கம்பு, என்ன ரீல்?

10 அடிக் கம்பு, 8000 அளவு ரீல், 40 பவுண்டு பின்னல் நூல் 300 மீட்டர், முனையில் 50 பவுண்டு தங்கூசி ஒரு பாகம், அதாவது இரு கையையும் விரித்த நீளம். இரைக்கு, தண்ணீரின் மேல் சறுக்கிக்கொண்டு வரும் 2 அவுன்ஸ் பிளாஸ்டிக் பொம்மை மீன் ஒன்று, கரண்டி வடிவ வெள்ளி நிறத் தகடு ஒன்று. ரூஸ்டர் துரத்தினால் ரீலை நிறுத்தாமல் சுற்றுங்கள். பாவம், எட்டிப் பிடிக்கட்டுமே என்று ஒரு நொடி நிறுத்தினீர்களோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். மற்றபடி கடைக்காரர் காட்டும் நூறு பொம்மை மீன்களில் தொண்ணூறு, உங்களைப் பிடிப்பதற்காகச் செய்தவை.

ஐயா, நான் தூத்துக்குடி. அங்கே கிடைக்கிற மீன் எல்லாம் நம்ம மீன் மாதிரியா?

சொந்தம் நிறைய உண்டு. சியேரா என்பது வஞ்சிரத்தின் தம்பி, ஒரே பேரினம், உடம்பில் மஞ்சள் பொட்டு. பல் தங்கூசியை அறுத்துவிடும், குட்டிக் கம்பி கட்டுங்கள். தோரோ, அதாவது காளை, நம் பாறை மீன்தான், இழுவையிலும் அதே பிடிவாதம். லீசா என்றால் மடவை. முரல் உண்டு. பேத்தையும் உண்டு, பொத்தேத்தே என்பார்கள், இங்கேயும் அங்கேயும் விஷம் விஷம்தான், விட்டுவிடுங்கள். இரவில் முட்டையிட ஏறும் ஆமை நம் பங்குனி ஆமையே. அங்கே ஆடி ஆவணியில் ஏறத் தொடங்கும். டார்ச்சை அணைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

திருக்கை குத்துமாமே?

குத்தும். காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு இழுத்து இழுத்து நடங்கள், அதிர்வு தெரிந்தால் அதுவே விலகிப் போகும். எங்களில் ஒருவன் போட்டோவுக்காகப் பின்பக்கமாக நடந்து குதிகாலில் வாங்கினான். அன்றைக்கு டீக்கு வைத்திருந்த பிளாஸ்க் வெந்நீர்தான் மருந்து. பொறுக்கிற சூட்டில் ஒரு மணி நேரம் காலை முக்கி வைத்தால் வலி இறங்கும். குத்துப்பட்ட காலுக்குச் சூடு உறைக்காது, மற்ற காலால் சோதித்துப் பார்த்துவிட்டு முக்குங்கள். அப்புறம் மருத்துவரிடம் போங்கள், முள் நுனி உள்ளே தங்கியிருக்கலாம். பிளாஸ்க் இல்லாமல் நாங்கள் கரைக்கு இறங்குவதில்லை இப்போது.

11 வருடமாகச் சண்டை வராமல் எப்படி?

யார் சொன்னது வரவில்லை என்று? நான்காம் நாள் கட்டாயம் வரும். ஒரு வருடம் பணத்தால், ஒரு வருடம் குறட்டையால், ஒரு வருடம் 1988-ல் நடந்த ஹாஸ்டல் தேர்தலால். கிளம்பும் அன்றே ஆளுக்குச் சமமாகப் பணம் போட்டு ஒரு டப்பாவில் வைத்துவிடுவோம், கணக்கு எழுதுவதில்லை, மிச்சம் லா பாஸில் கடைசி இரவுச் சாப்பாடு. குறட்டைக்காரனுக்குத் தனிக் கூடாரம். தேர்தல் விஷயம் மட்டும் தீரவில்லை.

சைவ நண்பர் உங்களோடு வருகிறாராமே, அவர் என்ன சாப்பிடுவார்?

சோள ரொட்டி, பீன்ஸ், அவகாடோ, சுட்ட பச்சை மிளகாய். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மிளகாய் அந்த மண்ணிலிருந்துதான் நம் அடுப்புக்கு வந்தது என்று சொல்லிச் சொல்லி அவனைத் தேற்றுவோம். மற்ற மூவருக்கும் சியேரா கிடைத்த நாளில் செவிச்சே. பச்சை மீனைப் பொடியாக நறுக்கி, எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிந்து, மீன் வெளுத்ததும் வெங்காயம், தக்காளி, செரானோ மிளகாய், கொத்தமல்லி. பெருங்காயம் போட்டுப் பார்க்கலாமா என்று ஒருவன் கேட்டான். அவனுக்கும் தனிக் கூடாரம்.

பிடித்த மீனைத் திரும்ப விடுவதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா?

ரூஸ்டரை மட்டும் விடுகிறோம், சதை கறுப்பு, ருசியும் சுமார். சியேராவையும் பார்கோவையும் விட்டதாக நான் எங்கே சொன்னேன்? 1960-ல் லா பாஸில் பிடித்த சுமார் 52 கிலோ ரூஸ்டர்தான் இன்றைக்கும் உலகச் சாதனை. எங்களுடையதில் பெரியது 12 கிலோ இருக்கும், கண் மதிப்பு. வாலை ஒரு கையால் பிடித்து, தலையை அலைக்குக் காட்டி வைத்திருப்போம். நாலைந்து அலை வாங்கியதும் வாலில் ஒரு உதறல் வரும். அப்போது கையை எடுத்துவிட வேண்டும்.

அடுத்த வருடம் வண்டியில் ஒரு இடம் கிடைக்குமா?

ஐந்தாவது சீட்டில் ஐஸ் பெட்டி இருக்கிறது.