மலேசியத் தோட்டப்புறத்தில் தமிழே போதாதா, மலாய் எதற்கு?

மலேசியாவில் ஒரு தோட்டப்புற நகரத்துக்குத் தன்னார்வலர் பயிற்சிக்குப் போகிறீர்கள். அங்கே தமிழர்கள் நிறைய இருப்பதால் மலாய் கற்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் ஊரைச் சேர்ந்தவள். தமிழ்ப்பள்ளியில் மலாய் கற்பித்து ஓய்வு பெற்றேன். இங்கே வரும் தன்னார்வலர்களுக்கு மாலையில் வீட்டு வாசலில் மலாய் சொல்லிக்கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை, ஆள் பிடிக்க எழுதுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

கற்கத்தான் வேண்டும். சாப்பிட, கோயிலுக்குப் போக, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் கதை பேசத் தமிழ் போதும். நீங்கள் வருவது அதற்கா? ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பாடங்கள் மலாய்க்கு மாறிவிடுகின்றன. மலாயில் பின்தங்கினால் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக உட்கார வேண்டும். அரசாங்கப் பாரம், அதாவது படிவம், எதை எடுத்தாலும் மலாய். 1962இல் வரத் தொடங்கிய அமெரிக்க அமைதிப் படை (Peace Corps) தன்னார்வலர்களுக்கே மலாய்ப் பயிற்சி கொடுத்தார்கள். உங்களுக்கு மட்டும் விலக்கா?

விருதுநகர்ப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். தமிழ்க் கடை மலாயில் கெடாய் ஆனது, கட்டில் காத்தில் ஆனது என்று இணையத்தில் படித்துவிட்டு, பாதி மலாய் தெரியும் என்ற நம்பிக்கையோடு இறங்கியவள். எங்கள் எதிர்வீட்டுப் பாட்டியிடம் அவளை ஒப்படைத்தேன். பாட்டி இந்த மண்ணிலேயே மெர்டேகாவுக்கு (1957 சுதந்திரத்துக்கு) முன் பிறந்தவர். பிறப்பைப் பதியாததால் வாழ்நாள் முழுக்கச் சிவப்பு அடையாள அட்டை, அதாவது நிரந்தரவாசி, குடியுரிமை இல்லை. அப்படிப்பட்டவர் குடியுரிமை கேட்டால் மலாயில் அடிப்படை அறிவு வேண்டும் என்று அரசியலமைப்பின் 16ஆம் விதி சொல்கிறது. பாட்டி மலாயில் மீன்காரரை மடக்கிவிடுவார், ஆனால் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. இவளுக்கோ மலாயை எழுதும் ரூமி எழுத்து ஆங்கில எழுத்துதானே, கடகடவென்று படிப்பாள், ஒன்றும் புரியாது.

பாட்டியின் குடியுரிமைப் பாரத்தை இவள் உரக்கப் படிக்க, பாட்டி பொருள் சொல்வார். 1970இல் வந்த ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாட்டின் ஐந்து கோட்பாடுகளை இவள் வாசிக்க வாசிக்கப் பாட்டி மனப்பாடம் செய்தார். “இப்படி வாய்க்குள்ளேயே முனகினால் அதிகாரிக்கு எப்படியம்மா கேட்கும்?” என்று பாட்டியிடம் இவளுக்குத் திட்டும் விழும். மலாய் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது, அது சுலபம். துலிஸ் (எழுது), மெனுலிஸ், டிதுலிஸ், பெனுலிஸ் என்று ஒட்டுகள் சேரும் இடத்தில்தான் அவள் திணறினாள். “ஏன் பாட்டி?” என்றால், “அப்படித்தான் வரும்” என்பார். விதியை நான் சொன்னேன்; நாக்கில் ஏற்றியது பாட்டிதான். பாட்டியின் குடியுரிமை நேர்காணலன்று வரிசையில் நின்ற மலாய்க்கார அம்மாவிடம் இவள் தானாகவே பேச்சுக் கொடுத்ததைப் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. பாட்டியின் மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. அதைப் பற்றிப் பேசினால் இந்தப் பதில் முடியாது.

எல்லா ஊரிலும் இதே மலாய்தானா என்று கேட்பவர்களுக்கு: நான் எங்கள் ஊரைத்தான் சொல்கிறேன். கெடா மாநிலத்தில் ‘நீ’ என்பதற்கு ‘ஹாங்’ என்பார்கள், பேச்சே வேறு. ஆனால் எங்கே போனாலும் கவுண்டரில் இருக்கும் அம்மாவை மரியாதையாகப் ‘புவான்’ என்று கூப்பிடுங்கள். சந்தையில் பழகிய ‘லு’ (நீ) சந்தையோடு நிற்கட்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. வருகிறவர்களில் சிலர் எங்கள் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். காலையில் “பசியாறிவிட்டீர்களா?” (காலை உணவு சாப்பிட்டீர்களா) என்று அக்கறையாகக் கேட்டால் அதை வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். சாப்பாடு போட்ட வீட்டையே வேடிக்கைப் பொருளாக்குவது எந்த ஊர்ப் பழக்கம்? நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று நம்புகிறேன். வருவதாக இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள். வெள்ளிக்கிழமை கோயில், அன்று வகுப்பு இல்லை.