வராதவர்களின் பெயர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆண்டவரின் நாமத்தில் ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் 12 பேர் இருக்கிறோம். வருடத்துக்கு இரண்டு முறை ஒரு முதியோர் இல்லத்துக்குப் போவோம். நான்கைந்து பாட்டு, ஒரு ஜெபம், ஆளுக்கொரு அன்பளிப்புப் பை, கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம். சென்ற முறை கிளம்பும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வாரமும் வருவீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அதன் பிறகு, ஆராதனைக்கு வர முடியாதவர்களின் பெயரைச் சொல்லி ஞாயிறுதோறும் ஜெபிக்கலாமே என்று சபையில் கேட்டேன். ஒரு மூப்பர், "ஆராதனை தேவனுக்கு உரிய நேரம். இதையெல்லாம் வாரத்தில் மற்ற நாட்களில் செய்துகொள்ளுங்கள்" என்றார். அவர் சொன்னது சரியா? எங்கள் 12 பேரால் என்னதான் செய்ய முடியும்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மூப்பர் சொன்னதில் ஒரு நல்ல அக்கறை இருக்கிறது. ஆராதனை சமூக சேவைக் கூட்டமாக மாறிவிடக் கூடாது என்று அவர் பயப்படுகிறார். ஆனால் அவர் சொன்ன வாக்கியம் லூக்கா 13-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. ஜெப ஆலயத்தில், ஓய்வுநாளில், 18 வருடமாக நிமிர முடியாமல் கூனியாக இருந்த ஒரு பெண்ணை இயேசு கண்டார். போதித்துக்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டார். ஜெப ஆலயத் தலைவருக்குக் கோபம் வந்தது. வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் வந்து சொஸ்தமாகுங்கள் என்றார். அவள் நிமிர்ந்தவுடன் என்ன செய்தாள் என்று பாருங்கள்: தேவனை மகிமைப்படுத்தினாள். அன்றைய ஆராதனையில் குறைவாக இருந்தது அவள் குரல்தான்.

ஆதி சபை இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமாபுரியில் இருந்த கிறிஸ்தவ ஆசிரியர் ஜஸ்டின் ஞாயிறு ஆராதனையை வரிசையாக விவரிக்கிறார். வாசிப்பு, பிரசங்கம், ஜெபம், அப்பமும் ரசமும். வராதவர்களுக்கு உரிய பங்கை உதவிக்காரர்கள் எடுத்துச் செல்வார்கள். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் அந்நியர்களுக்கும் போகும். அவர் இவற்றை ஆராதனைக்குப் பிந்திய வேலையாகச் சொல்லவில்லை. ஆராதனை என்றாலே இதுதான் என்று சொல்லிப் போகிறார்.

உபத்திரவக் காலத்தை ஒட்டி, 251 வாக்கில் ரோமாபுரிப் பேராயர் கொர்நேலியு எழுதிய ஒரு கடிதத்தைச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியு பாதுகாத்து வைத்திருக்கிறார். சபையில் 46 மூப்பர்கள், 7 உதவிக்காரர்கள் என்று எண்ணிக்கொண்டே வருகிறவர், அதே மூச்சில் 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளும் ஆதரவற்றோரும் சபையின் பராமரிப்பில் இருப்பதாகச் சொல்கிறார். அவருக்கு முன்பிருந்த பேராயர் கொல்லப்பட்டு ஓரிரு வருடம்தான் ஆகியிருந்தது. அப்போதும் அவர்களிடம் கணக்கு இருந்தது. பெயர்ப் பட்டியல் இல்லாமல் இப்படி ஒரு எண் வராது.

நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். இரக்கம் உங்கள் 12 பேரிடமும் இருக்கிறது. உங்களிடம் இல்லாதது ஒரு நோட்டுப் புத்தகம்.

எனவே பையோடு தொடங்காதீர்கள். முதல் நான்கு ஞாயிறுகளும் உங்களில் இரண்டு பேர் கடைசி வரிசையில் உட்காருங்கள். யார் வந்தார்கள், யாரிடம் ஒருவரும் பேசவில்லை, யார் ஆசீர்வாதம் முடிந்த கையோடு வெளியேறுகிறார்கள் என்று பாருங்கள். அதைவிட முக்கியம், யார் வரவில்லை என்பது. இரண்டு வாரம் தொடர்ந்து வராதவருக்கு ஒரு போன். மூன்றாவது வாரமும் காணவில்லை என்றால், கேட்டுக்கொண்டு நேரில் போகலாம். "ஏன் வரல?" என்று கேட்காதீர்கள், அது விசாரணையாகிவிடும். "உங்களைக் காணலையே என்று வந்தோம்" போதும்.

வராததற்கான காரணங்கள் பல சமயம் மிகச் சிறியவை. காது மந்தமாகியிருக்கும், பிரசங்கம் வெறும் இரைச்சலாகக் கேட்கும். அடிக்கடி கழிப்பறைக்குப் போகவேண்டியிருக்கும், ஆனால் உட்காரும் இடம் நடுவரிசையில். வேலை போயிருக்கும், காணிக்கைத் தட்டு வரும்போது கையை மடியில் வைத்திருக்கக் கூச்சம். அழைத்து வந்த மகன் வெளியூர் போயிருப்பான். இவற்றில் பாதியைச் சபையே சரிசெய்துவிடலாம். "என் குரல் கேட்கும்" என்று மைக்கைத் தள்ளிவைப்பவர்களிடம், கேட்காதவர் கை தூக்கிச் சொல்லமாட்டார் என்று எடுத்துச் சொல்லுங்கள். பாட்டுத்தாள் 18 புள்ளி எழுத்தில் சில பிரதிகள் இருக்கட்டும். "எல்லோரும் எழுந்து நிற்போம்" என்பதை "இயன்றவர்கள் எழுந்து நிற்கலாம்" என்று மாற்றச் செலவே இல்லை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வைத்தால் உயரம் ஒன்றுக்கு நீளம் 12 என்ற கணக்கு. 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளம். இரண்டு பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் அது உதவி அல்ல, ஆபத்து. நாற்காலிக்கான இடத்தை ஓரத்திலோ கடைசியிலோ ஒதுக்காமல், குடும்பத்தோடு சேர்ந்து உட்கார நடுவில் ஒரு பெஞ்சைக் குட்டையாக்குங்கள். ஏழையைப் பார்த்து "அங்கே நில்" என்று சொல்வதை யாக்கோபு கண்டித்தாரே, நாம் அதை வாயால் சொல்வதில்லை. பெஞ்சுகளைப் போட்டிருக்கும் விதத்தால் சொல்லிவிடுகிறோம்.

இனி வீட்டுச் சந்திப்பு. இரண்டு பேராகப் போங்கள், எப்போதும் அதே இரண்டு பேர். முகம் மாறிக்கொண்டே இருந்தால் முதியவர் ஒவ்வொரு முறையும் தன் நோய்க்கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும். நேரம் சொல்லிவிட்டுப் போங்கள். அரை மணி நேரம் போதும். படுக்கைக்கு மேலாக நின்று குனிந்து பேசாதீர்கள். நாற்காலியை இழுத்து, அவர் கண் மட்டத்துக்கு, நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் உட்காருங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் முகம் இருட்டாகிவிடும், உதட்டசைவு தெரியாது. அதனால் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி இடம் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். வாசிப்பு பத்து வசனத்துக்கு மேல் வேண்டாம், எந்தச் சங்கீதம் என்பதை அவரே சொல்லட்டும்.

மறதிநோய் உள்ளவரிடம் "என்னைத் தெரியுதா?" என்று கேட்காதீர்கள். அது அவருக்குத் தோற்கும் தேர்வு. உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் பழைய பாட்டு ஒன்றைத் தணிந்த சுருதியில், மெதுவாகத் தொடங்குங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாதவர்கள் பலர், சின்ன வயதில் கற்ற பாட்டின் சரணத்தை வரிமாறாமல் பாடுவார்கள். ஒரு சரணம் முடிந்ததும் அவசரப்பட்டு அடுத்ததற்குத் தாவாமல் காத்திருங்கள்.

திருவிருந்தை வீட்டுக்கு எடுத்துச் செல்ல யாருக்கு அனுமதி என்பது சபைக்குச் சபை மாறும், போதகரிடம் கேளுங்கள். முடிந்தால் அதே ஞாயிறு, அதே மேசையிலிருந்து போகட்டும். உலர்ந்த வாயில் அப்பம் ஒட்டிக்கொள்ளும், முதலில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுங்கள். விழுங்குவதில் சிரமம் உண்டா என்று வீட்டாரிடம் முன்பே கேளுங்கள். இருந்தால் எப்படிக் கொடுப்பது என்பதை அவர்கள் மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள். கை நடுங்குகிறவருக்குக் கிண்ணத்தைப் பாதிதான் நிரப்பவேண்டும். சிந்திவிட்டால் அவர் அடுத்த முறை வேண்டாம் என்பார்.

அந்த வீட்டில் இன்னொருவரும் இருப்பார். கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுகிற மகளோ மருமகளோ மனைவியோ. நோயாளியைக் கேட்க நாலு பேர் இருப்பார்கள், இவரைக் கேட்க ஒருவரும் இருக்கமாட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் நீங்கள் அங்கே உட்கார்ந்தால் அவர் ஆராதனைக்கு வரலாம். நோயாளி சம்மதித்தால் மட்டும், இரண்டு பேராக, மருந்து நேரத்தையும் அழைக்கவேண்டிய எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல காணிக்கை குறைவு.

எங்கே கெட்டுப்போகும் என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் மாத உற்சாகத்தில் ஆளுக்கு எட்டு வீடு எடுப்பீர்கள், மூன்றாம் மாதம் ஒன்றுக்கும் போகமாட்டீர்கள். ஒரு ஜோடிக்கு இரண்டு வீடு, அதிகம் போனால் மூன்று. பணம் தனி ஆள் கையால் போகவேண்டாம், சபைக் கணக்கு வழியாகப் போகட்டும். நோட்டில் பெயர், சந்தித்த நாள், அவர் கேட்டது, அடுத்து வரும் நாள், இவ்வளவு மட்டும் எழுதுங்கள். வியாதி விவரம் எழுதவேண்டாம். ஆராதனையில் பெயர் சொல்லி ஜெபிக்கும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். சிலருக்குப் பெயர் மட்டும் சொன்னால் போதும், காரணம் சொல்லவேண்டாம் என்றிருக்கும். யாராவது தம்மை அடிக்கிறார்கள் என்று சொன்னால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். படம் எடுக்காதீர்கள்.

அப்போஸ்தலர் 6-ஐ உங்கள் கூட்டத்தில் ஒருமுறை சேர்ந்து வாசியுங்கள். அன்றாடப் பந்தியில் கிரேக்கு பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போயிற்று. உங்கள் குழுவில் காது கேளாதவர் ஒருவரோ இரவுக்காவல் வேலைக்குப் போகிறவர் ஒருவரோ இருந்தால், உங்கள் கண்ணுக்குப் படாததை அவர் காட்டுவார். பர்திமேயுவுக்குப் பார்வை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் இயேசு அவனிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்.

மூப்பரிடம் வாதம் வேண்டாம். லூக்கா 13-ஐ எடுத்துக்கொண்டு போய், பொது ஜெபத்தில் மூன்று பெயர் சொல்ல ஒரு நிமிடம் கேளுங்கள். ஒரு நிமிடம்தான். அவரையே ஒரு வீட்டுக்கு உங்களோடு வரச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவிடம் இந்த வாரமே இரண்டு பேர் போங்கள். பை வேண்டாம். எங்கள் சபைக்காக நீங்கள் ஜெபிப்பீர்களா என்று கேட்டு, ஒரு தாளில் நான்கு ஜெபக் குறிப்புகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை போகும்போது அவற்றில் என்ன ஆயிற்று என்று அவருக்குச் சொல்லவேண்டியிருக்கும். மாதம் ஒரு முறைதான் முடியும் என்றால் மாதம் ஒரு முறை என்றே சொல்லி, அவர் படுக்கைக்குப் பக்கத்து நாள்காட்டியில் அவர் பார்க்கவே அந்தத் தேதியை வட்டமிட்டுவிட்டு வாருங்கள்.